பெரியவரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும்

ஜகார்த்தா நகரில் காட்டு ஜீவன்களைத் தத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் பொறுப்பில் இருக்கிற மதிப்பிற்குரிய விடியாஸ்துதி அம்மாள் அவர்களுக்கு, மேற்குச் சுமத்ரா, கோத்தோ ரம்பா ஊர், ஜம்பாக் குலத்து மூத்தவள் ரொஸ்மானியார் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும், உங்கள் மேசைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களும் உடம்பு சுகத்தோடும் நிறைந்த வயிற்றோடும் இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். உண்மை கீழே வருகிறது.

உங்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பிள்ளையைக் கொடுத்தவளும் வாங்கியவளும் சொந்தம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அந்த உரிமையில் எழுதுகிறேன். யாரோ படித்தவர் எழுதிக்கொடுத்தது என்று நினைக்க வேண்டாம், எழுத்து என்னுடையதுதான். நான் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். ஆறாவது போக இருந்த வருஷம் கலகம் வந்து பள்ளிக்கூடத்தில் சிப்பாய்கள் குடியேறிவிட்டார்கள். நான் படிப்பை நிறுத்தவில்லை, பள்ளிக்கூடம்தான் நின்றுபோனது. என் பேத்தி வெல்யா இன்ஜினியர். உங்கள் ஊரில்தான், லிஃப்டில் ஏறினால் காது அடைத்துக்கொள்ளும் உயரத்தில் வேலை பார்க்கிறாள். எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் ஏறின பெரிய உயரம் தென்னை மரம், அதற்கும் குரங்கைத்தான் ஏற்றிவிடுவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கடிதம் எழுதுகிறவள் யார் என்று தெரிந்தால்தானே படிக்கிறவர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்.

எல்லாம் ஒரு நாற்காலியில் ஆரம்பித்தது. எதிர்வீட்டில் ஜவானிஸ் என்று ஒருத்தி, பிலியாங் குலத்துக்காரி, அவளுக்கு அவள் பேரன் பாத்தாம் தீவிலிருந்து ஒரு நாற்காலி அனுப்பினான். உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் முதுகைப் பிசைந்துவிடும். அவள் உட்காரும்போதெல்லாம் தெருவில் விளக்கு மங்கும், நாங்களும் "ஜவானிஸ் உட்கார்ந்துவிட்டாள்" என்று தெரிந்துகொள்வோம். உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, "ரொஸ், உன் பேத்தி மாடியில இருக்காளே, கீழ எதுவும் போட மாட்டாளா?" என்று கேட்டாள். நான் வெல்யாவிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் குலத்தில் கேட்டு வாங்கும் பழக்கம் இல்லை. ஜவானிசுக்கு நாற்காலி வந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும் செய்தி மட்டும் சொன்னேன். என் பிறந்தநாளுக்கு அவள் பணம் கட்டி உங்கள் பொட்டலம் வந்தது.

பொட்டலத்தில் தங்க ஓரம் போட்ட தாள் ஒன்று, பெரிய வண்ணப்படம் ஒன்று, பஞ்சு அடைத்த பொம்மை ஒன்று. தாளில் என்ன இருந்தது என்று காட்டுவதற்காக அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை இங்கே பெயர்த்து எழுதுகிறேன்: சுமத்ரா புலி. எழுதிவிட்டு உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். காட்டோரத்தில் குடியிருப்பவர்கள் அந்தச் சொல்லை வாயால் சொல்வதில்லை, கூப்பிட்டது போல் ஆகிவிடும். பெரியவர் என்போம். அவர் எங்கள் பாட்டனார்களுக்கும் மூத்தவர், நாங்கள் மலையிறங்கி வந்து நிலம் திருத்துவதற்கு முன்பே இங்கே இருந்தவர். அவருக்குப் போய் நீங்கள் பீமா என்று உங்கள் ஜாவா பொம்மலாட்டத்துப் பெயரை வைத்து, ஆண், முழு வளர்ச்சி அடைந்தவர், தத்துத் தாய் ரொஸ்மானியார் என்று அச்சடித்து முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறீர்கள். என் பெயரில் ஓர் எழுத்துகூடப் பிழை இல்லை. அந்த ஒரு காரணத்தால் நான் மற்றதை யோசிக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு முன்கூடத்துச் சுவரில், காலமான என் வீட்டுக்காரர் படத்துக்கும் வெல்யா பட்டம் வாங்கின படத்துக்கும் நடுவில் மாட்டினேன். இடம் போதாமல் மருமகன் படத்தைச் சமையல்கட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பொம்மையைக் கம்பளத்தில் உட்கார வைத்தேன். பூனை அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூரைக்குப் போனதுதான், சோற்றுக்கு மட்டும் இறங்குகிறது. ஊரில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். ஜவானிசும் நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள்.

"நாற்காலி எல்லாருக்கும் கிடைக்கும். இந்த வயசுல பிள்ளை யாருக்குக் கிடைக்கும், சொல்லு" என்று கேட்டேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து என் தம்பி ஜமாரிஸ் வந்தான். ஜமாரிஸ் எங்கள் ஜம்பாக் குலத்துக்குத் தலைவன், கறுப்புத் தலைப்பாகை கட்டும் தகுதி உள்ளவன். ஊரில் எந்தச் சண்டை வந்தாலும் நடுவில் நின்று பேசுவான், குரல் மட்டும் ஓரமாக நிற்கும். சுவரைப் பார்த்தான். கிட்டே போய்ப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"அக்கா, கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"படிக்காமலா மாட்டுவேன். தத்துத் தாய், ரொஸ்மானியார்."

"நீ தாய்னா, நான் யாரு?"

"தாய்மாமன்" என்றேன்.

அவன் அப்படியே உட்கார்ந்தான், பொம்மை மேல். அம்மா, உங்கள் ஜாவா பக்கத்தில் எப்படியோ தெரியாது, எங்களிடம் பிள்ளை தாயின் குலம். தகப்பன் வந்து போகிறவர். பிள்ளைக்கு நல்லது கெட்டது சொல்லி வளர்ப்பது தாய்மாமன். பிள்ளை மாங்காய் திருடினால் ஊர் போய் நிற்பது தாய்மாமன் வாசலில். இந்தப் பிள்ளை மாங்காய் திருடுகிற பிள்ளை இல்லை.

"அவரு நம்ம பாட்டனுக்குப் பாட்டன். அவரைப் பிள்ளைன்னு எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருக்க. நாளைக்கு வந்து நின்னு, 'எவன்டா எனக்கு மாமன்'னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?" என்றான்.

"ஸலாம் சொல்லு" என்றேன்.

"அவரு பதில் சொன்னா?"

விஷயம் காற்றில் பரவி ஜவானிஸ் ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தது. "பெரியவர் நமக்கெல்லாம் பாட்டன். ரொஸ் அவருக்கு ஆத்தா. அப்போ நாம இனிமே ரொஸ் கையை முத்தி எடுத்துத்தான் தெருவுல நடக்கணும்" என்று கிணற்றடியில் சொல்லியிருக்கிறாள். சிரித்தவர்களும் அன்று குடத்தை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

நான் வெல்யாவுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்தாள். "பாட்டி, இது ஒரு அடையாளம்தான். நான் குடுத்த காசு காட்டுல காவல் சுத்துறவங்களுக்குப் போகும். படத்துல இருக்குறவரு அங்க பக்கத்துலயே இல்ல, வேற மாகாணம். உன்னை யாருன்னே அவருக்குத் தெரியாது."

"அடையாளத்துக்கு நிக்காஹ் பண்ணி வச்சா புருஷன் சோத்துக்கு வராம இருப்பானாடி?" என்று கேட்டேன்.

மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். அவ்வளவு படித்தவளுக்கே இதற்குப் பதில் தெரியவில்லை என்றால் பயம் நியாயமான பயம்தானே.

ஜமாரிஸ் குலத்து மூத்தவர்களைக் கூட்டி, காப்பி இலைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து யோசித்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். வெளியாள் ஒருவரைக் குலத்தில் சேர்ப்பதென்றால் ஓர் ஆடாவது அறுத்துச் சோறு போட்டு ஊரறியச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் முறை. ஆடு அறுக்காத தத்து தத்தே இல்லை, ஜகார்த்தா முத்திரை வெறும் மை. இதைக் காப்பிக்கடையில் எழுந்து நின்று கணீர் என்று சொன்னான். அவனுக்குக் குரல் நடுவில் வந்து நின்றது அன்றைக்குத்தான். நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஊரும் நிம்மதியாகத் தூங்கியது.

விடிந்து பார்த்தால் ஜமாரிசின் ஆட்டைக் காணோம். வேறு யாருடைய ஆடும் இல்லை அம்மா. எத்தனையோ பட்டிகள் இருக்க, தாய்மாமன் வீட்டுப் பட்டியில் தாய்மாமன் வளர்த்த தாடிக் கடா. வேலி உடையவில்லை, கயிறு மட்டும் கிடந்தது. யாரும் அறுக்காத ஆட்டை அவரே அறுத்துக்கொண்டார். சோறு மட்டும்தான் நாங்கள் போடவில்லை.

இது பாதிதான். தடம் பட்டியிலிருந்து கிளம்பி, என் வீட்டு வாசல் வழியாக வந்திருக்கிறது. சோற்றுத் தட்டு அகலம் ஒவ்வொன்றும். என் படிக்கட்டுக்கு எதிரே வந்து நின்றிருக்கிறது, நான்கு தடமும் ஒரே இடத்தில் ஆழமாக. நான் மேலே போர்வைக்குள் இருந்திருக்கிறேன், நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். பிறகு படியேறாமல் திரும்பி நேராக எங்கள் தொழுகைக்கூடமான சுராவுக்குப் போயிருக்கிறது. அங்கே வெளித் திண்ணைப் பாயில் படுத்து எழுந்த அடையாளம், செம்மஞ்சள் முடி. பாங்கு சொல்லும் மர்ஜோஹான் மனைவி இல்லாதவர், சுராவிலேயே படுப்பவர். உள்ளே தாழ் போட்டுப் படுத்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மூச்சு வாங்குற சத்தம் கேட்டுச்சு அக்கா. எனக்குத்தான் இளைப்பு வந்துடுச்சுன்னு மருந்தை எடுத்து உறிஞ்சினேன். சத்தம் குறையல. சரின்னு மூச்சை அடக்கிப் பாத்தேன். அப்பவும் கேட்டுச்சு."

ஏன் சுராவ் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். எங்கள் வழக்கத்தில் வீடு பெண்களுக்கு. வயது வந்த ஆண்பிள்ளை, கல்யாணம் ஆகாதவன், தாய் வீட்டில் சாப்பிடலாம், படுக்கக் கூடாது. படுக்கை சுராவில்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரும் இதைப் பார்ப்பதில்லை, தாய் வீட்டில் கட்டில் போட்டுப் பகல் வரை தூங்குகிறார்கள். இவர் பார்த்திருக்கிறார். முழு வளர்ச்சி அடைந்த ஆண் என்று உங்கள் தாளிலேயே இருக்கிறது. தாய் வாசலில் நின்று முகம் காட்டிவிட்டு, படியில் கால் வைக்காமல், ஒழுங்காகச் சுராவுக்குப் போய்ப் படுத்திருக்கிறார். ஜமாரிஸ் தடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "அக்கா, ஒத்துக்கிட்டாரு" என்றான்.

அன்றிலிருந்து இந்த ஊர் ஊராக இல்லை. கறுவாப்பட்டை உரிக்கப் போக ஆள் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதென்றால் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு பெரியவர்கள் முன்னாலும் பின்னாலும் போகிறார்கள், தட்டுகிற கை ஓய்ந்தால் பிள்ளைகள் அழுகின்றன. நீண்ட அத்தியாயமாகத் தேர்ந்தெடுத்து ஓதும் இமாம் இப்போது குட்டி அத்தியாயமாகப் பார்த்து முடித்துவிடுகிறார், ஸலாம் கொடுக்க முகத்தைத் திருப்பும்போது எல்லோருமே வாசல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திருப்புகிறோம். அதற்கு மேல் ஒன்று: பெரியவர் ஊருக்குள் வந்தால் யாரோ முறை தவறி நடந்திருக்கிறார்கள் என்பது பழைய நம்பிக்கை. அதனால் ஆளுக்கு ஆள் குற்றத்தை ஒப்புக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் வரப்பை நகர்த்தினதைச் சொல்லி அழுதார். ஒருவர் மச்சினனிடம் வாங்கின அரிவாளை, மச்சினன் இறந்துபோய்விட்டதால், அவர் கபரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். ஜவானிஸ் என் மகள் கல்யாணத்தில் எடுத்துப்போன ரெண்டாங் கறி கிண்டும் பெரிய சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, "சுத்தமாத் தேச்சிருக்கேன். உன் பிள்ளைகிட்ட சொல்லிடு" என்று வைத்துவிட்டுப் போனாள். நான் அந்தச் சட்டியை ஆற்றில் போய்விட்டது என்று நினைத்து என்றோ மறந்திருந்தேன்.

சிரிப்பாக இருக்கும் உங்களுக்கு. நான் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னிடம் சொல்லச் சொல்கிறார்கள். உன் பிள்ளையிடம் சொல்லு, வயல் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லு, எங்கள் பசு சினையாக இருக்கிறது என்று சொல்லு. நான் சாயங்காலம் ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து சொல்கிறேன். அவர் கேமராவைப் பார்த்தபடி இருக்கிறார். கேட்கிற முகமாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது பயத்தின் மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் சொந்தம் என்பதால். பக்கத்து ஊர்ச் சந்தையிலிருந்து தோல் சட்டைக்காரன் ஒருவன் வந்தான். காப்பிக்கடையில் உட்கார்ந்து, தடம் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு பெரிது என்று விசாரித்தான். ஆட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் போன பிறகு ஆண்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். காட்டிலாகாவுக்குச் சொன்னால் அவர்கள் வர நாளாகும், அதற்குள் யாரையாவது தூக்கிப் போய்விட்டால் என்ன செய்வது, கம்பிக் கண்ணி வைத்தால் ஒரே நாளில் முடியும், பன்றிக்கு வைத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஜவானிசின் மருமகன் எடிசோன் அதிகம் பேசினான். அவன் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்து செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துகிறவன், அன்று என் கோழி மயிரிழையில் தப்பியது. ஜமாரிஸ் அங்கேதான் இருந்தான். குலத்தலைவன், தாய்மாமன், காப்பிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான். "நான் என்ன பண்ணட்டும் அக்கா. வேண்டாம்னு சொல்லி, நாளைக்கு யாரு வீட்டுப் பிள்ளையாவது போச்சுன்னா, உன் வாசல்லயும் என் வாசல்லயும்தான் வந்து நிப்பாங்க. சரின்னு சொன்னா..."

பிள்ளை செய்யும் தப்புக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. பிள்ளைக்கு நடக்கும் தப்பை இந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கவும் என்னால் ஆகாது. கம்பியில் கால் மாட்டினால் செத்துப்போக நேரமாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சத்தம் இங்கே வரை வரும். அந்தச் சத்தம் வரும்போது சுவரில் தத்துத் தாய் ரொஸ்மானியார் என்று தொங்கக் கூடாது. ஆகவே கேட்கிறேன், தயவு செய்து பெரியவரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும். அவர் என் பிள்ளை இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை என்று முத்திரை குத்தி ஒரு தாள் அனுப்பவும். இரண்டு தாள் அனுப்பினால் ஒன்றைச் சுராவ் கதவில் ஒட்டுவேன், அவர் கண்ணில் படும். அது முடியாவிட்டால் தாயின் பெயரையாவது மாற்றவும். பெயருக்கு ஆசைப்படுகிற, காட்டிலிருந்து வெகு தூரத்தில், உயரமான மதில் கட்டிய வீட்டில் இருக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை அவரைப் பற்றிச் செய்தி அனுப்புவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் வேண்டாம். என் வயிற்றில் பிறந்த ஆண்பிள்ளைகள் மூவர், கோலாலம்பூரில் சோற்றுக்கடை வைத்திருப்பவனும் ஜகார்த்தாவில் துணி விற்பவனும் பாத்தாமில் இருப்பவனும், பிழைக்கப் போய் எவ்வளவோ காலமாகிறது, அவர்களே வருஷத்துக்கு இரண்டு செய்தி அனுப்புவதில்லை. எனக்குப் பழக்கம்தான். பொம்மையை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்கிறோம். பூனை நேற்று அதன் மேல் படுத்தது.

உங்கள் மேலோ வெல்யா மேலோ எனக்குக் கோபம் இல்லை என்பதை அறியவும். நீங்கள் கொடுத்த பிள்ளை ஒழுக்கமான பிள்ளை. குறை சொல்ல முடியாது. குறை என் நெஞ்சில் இருக்கிறது, அது வேகமாக அடிக்கிறது. உங்கள் கைக்கு வலு கூடட்டும், உங்கள் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகாமல் ஓடட்டும். உங்கள் மேலதிகாரிக்கும் வாசலில் நிற்கும் காவலாளிக்கும் என் ஸலாம். பயத்தோடும் பணிவோடும்,

ரொஸ்மானியார், ஜம்பாக் குலம்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை ஜமாரிஸ் கையில் கொடுத்து, டவுனுக்குப் போய்த் தபாலில் சேர்க்கச் சொன்னேன். பஸ் ரோட்டுக்குக் கறுவாத் தோப்பு வழியாகக் குறுக்கே போனவன் அரை மணியில் திரும்பி வந்துவிட்டான். கடிதம் சட்டைப் பையில் அப்படியே இருந்தது. கையில் ஒரு கம்பிச் சுருள். ஊற்றங்கரையில், சுராவுக்குத் திரும்பும் வழியில், வளையமாகப் போட்டு இலையால் மூடி வைத்திருந்ததாம். அவன் கழுத்திலிருந்து வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. "தடம் இந்தப் பக்கம், கண்ணி இந்தப் பக்கம், நடுவுல நான் அக்கா. கல்லை வச்சு முளையைப் பிடுங்குறேன், புதர்ல என்னமோ அசையுது. திரும்பிப் பாக்கல. பாத்தா பிடுங்கியிருக்க மாட்டேன்" என்றான். பிறகு கம்பியை என் முன்னால் போட்டு, "நம்ம பிள்ளைக்கு வச்சிருக்கான் அக்கா" என்றான். ஆடு அறுக்காத தத்து தத்தே இல்லை என்று சொன்ன அதே வாய்.

கம்பி யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அது மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி. ஊரில் செருப்பால் பிரேக் பிடிக்கிறவன் ஒருவன்தான். ஜமாரிஸ் கறுப்புத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு காப்பிக்கடைக்குப் போனான், நான் பின்னாலேயே போனேன். கம்பியை எடிசோன் குவளைக்குப் பக்கத்தில் வைத்தான். குரல் ஓரத்துக்கு நகரப் பார்த்தது, ஆனாலும் சொல்லி முடித்தான்: "இதை வச்சவன் ஜம்பாக் குலத்துப் பிள்ளைக்கு வச்சிருக்கான். அவன் நல்லவனோ கெட்டவனோ, ஏதாவது கேக்கணும்னா தாய்மாமன் நான் இருக்கேன், என் வாசல்ல வந்து கேளுங்க. காட்டிலாகாவுக்குப் போன் பண்ணியாச்சு, வெடி போட்டு மேல விரட்ட ஆள் வருது. அதுவரைக்கும் கம்பி கிம்பின்னு எவனாவது போனா, அது குலத்தோட குலம் பேச வேண்டிய விஷயம்."

"அப்போ ஆடு?" என்று எவனோ மூலையிலிருந்து கேட்டான்.

"என் ஆடு. என் அக்கா மகன் தின்னான். உனக்கு என்ன?" என்றான் ஜமாரிஸ். அம்மா, தம்பியைப் பற்றி மேலே எழுதியிருப்பதில் அந்தக் குவளையைப் பற்றிய வரியை அடித்துவிட்டு வாசிக்கவும்.

சாயங்காலம் ஜவானிஸ் பலாப்பழம் போட்ட புட்டரிசிச் சோறோடு வந்து, மருமகன் சார்பில் மன்னிப்புக் கேட்டாள். குலத்துக்குக் குலம் மனத்தாங்கல் வந்தால் எங்கள் ஊரில் சோறோடு முடியாது, ஓர் உறவு வைத்து முடிப்பார்கள். அதனால்தான் இந்த வேண்டுகோள். தத்துக் கொடுக்க உங்களிடம் அவர் இனத்துப் பெண் இருக்குமானால், குணமுள்ளதாகப் பார்த்து, ஜவானிஸ், பிலியாங் குலம் என்று பெயர் போட்டுத் தாள் அனுப்பவும். அவள் பேரன் பணம் கட்டுவான், நாற்காலிக்குக் கட்டினவன்தானே. ஜம்பாக் பையனுக்கு ஜம்பாக்கில் பெண் எடுக்க முடியாது, பிலியாங் பொருத்தம். எங்கள் முறையில் பெண் வீட்டார்தான் வெற்றிலைத் தட்டோடு மாப்பிள்ளை கேட்டு வர வேண்டும். ஜவானிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு என் படியேறி வருவதைப் பார்த்துவிட்டால் எனக்கு வேறு நாற்காலி வேண்டாம்.

செய்தி வருஷத்துக்கு இரண்டு தடவை போதாது, அடிக்கடி அனுப்பவும். வெல்யா இன்னும் அது வேறு மாகாணத்து ஆள் என்றுதான் சொல்கிறாள். இருக்கட்டும். இன்று காலையும் என் வாசலில் தடம் இருந்தது, நான்கும் ஆழமாக. தூரம் போன மூவருக்காக இத்தனை வருஷம் தாழ் போடாமல் வைத்திருந்த கதவு, வருகிற ஒருவனுக்காக இப்போது இரண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, குறுக்கே அந்த ரெண்டாங் சட்டியும் வைத்திருக்கிறேன். அவன் தப்பாக நினைக்கமாட்டான். வயது வந்த பிள்ளை தாய் வீட்டில் படுக்கக் கூடாது என்பது அவனுக்கே தெரியும்.